சாமியார் வராத ஞாயிறு: சிற்றாலய வழிபாட்டை நடத்துபவருக்கு முழுமையான வழிகாட்டி

பர்மாவில் பெகு நகருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் கத்தோலிக்கச் சிற்றாலயம். மாதத்தில் இரண்டு ஞாயிறு சாமியார், அதாவது குரு, வந்து பூசை (திருப்பலி) வைப்பார். மழைக்காலத்தில் சாலை மூழ்கிவிட்டால் அதுவும் ஒன்றாகிவிடும். மற்ற ஞாயிறுகளில் நாங்களே கூடி வழிபாடு நடத்துகிறோம். 14 வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். எனக்கு அப்புறம் வந்தவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் செபம் தெரியாமல் இல்லை. சின்ன வயதிலிருந்து சொன்ன செபம்தானே. அவர்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில்: எதற்குப் பிறகு எது என்பதிலும், எது நம் வேலை இல்லை என்பதிலும். அதனால் இதை வாரத்தின் வரிசைப்படியே எழுதுகிறேன்.

1. இந்த ஞாயிறு வழிபாடு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஞாயிறு என்றால் பூசை. அது முடியாமல் போகும்போதுதான் இந்த வழிபாடு. குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கென்று 1988-இல் ரோமாபுரியிலிருந்து வந்த ஒழுங்குமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது: அதே இடத்தில் அன்றைக்கோ முந்தின சனி மாலையோ பூசை இருந்தால், அது வேறு மொழியில் நடந்தாலும் சரி, தனியாக இப்படி ஒரு வழிபாடு வைக்கக் கூடாது.

நம் ஊர்களில் இதுதான் பெரிய சிக்கல். சனி மாலை பர்மிய மொழியிலோ கரேன் மொழியிலோ பூசை முடிந்திருக்கும். மறுநாள் காலை "தமிழில் ஒன்றும் இல்லையே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான ஏக்கம்தான். ஆனால் அதற்கு மருந்து இன்னொரு வழிபாடு அல்ல. அந்தப் பூசையிலேயே ஒரு வாசகத்தையும் இரண்டு பாட்டையும் தமிழில் வைத்துத் தரும்படி சாமியாரிடம் கேளுங்கள். எங்களுக்குக் கேட்டதும் கிடைத்தது. ஞாயிறு காலையில் தமிழில் செபமாலை சொல்ல எந்தத் தடையும் இல்லை.

பக்கத்து ஊரில் பூசை இருந்து, போக வண்டியும் இருந்தால், போக முடிந்தவர்கள் அங்கே போவதுதான் முறை. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மட்டும் மீந்தால் அவர்களோடு செபமாலையும் நற்செய்தி வாசிப்பும் போதும்.

இன்னொன்று. நடத்துகிறவரைப் பங்குச் சாமியார் நியமிக்க வேண்டும். நன்றாகப் பாடுகிறார், குரல் கணீரென்று இருக்கிறது என்று ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்தால் போதாது. மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் ஒழுங்கு கொஞ்சம் மாறும் என்பதால், என்னென்ன செய்யலாம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. புதன்கிழமைக்குள் வாசகங்களும் மறையுரையும்

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு போதும். ஆண்டின் எண்களைக் கூட்டி மூன்றால் வகுங்கள். மீதி ஒன்று என்றால் முதல் ஆண்டு, இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு, மீதி இல்லை என்றால் மூன்றாம் ஆண்டு. 2026-ஐக் கூட்டினால் 10, மீதி ஒன்று. ஆக முதல் ஆண்டு, மத்தேயு நற்செய்தி.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில் பிறக்கிறது. 2026 நவம்பர் 29 அன்றே 2027-க்கான இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். நான் வந்த இரண்டாவது வருடம் இந்தப் பள்ளத்தில் விழுந்தேன். இரண்டாம் வாசகம் வாசிக்க வந்த அக்கா புதிய ஆண்டுக்குத் தயாரித்திருந்தார், நான் பழைய ஆண்டின் நற்செய்தியைப் பிரித்து வைத்திருந்தேன். மக்கள் கவனிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறையுரையை, அதாவது பிரசங்கத்தை, நீங்களாகக் கட்டிப் பேசாதீர்கள். சாமியார் எழுதித் தருவதை வாசியுங்கள். எங்கள் சாமியாருக்குத் தமிழ் வராது. பர்மிய மொழியில் பேசி ஃபோனில் அனுப்புவார், புதன் இரவு உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிக்கொள்வேன். ஞாயிறு காலையில் கேட்டுக்கேட்டு மொழிபெயர்க்கலாம் என்று ஒரு தம்பி முயன்றான். பாதி பர்மியம், பாதி தமிழ், முடிவில் இரண்டும் இல்லை. எழுதி, ஒரு தடவை சத்தமாக வாசித்து, ஏழு நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

வாசிப்பவர்களையும் அன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும். இளையவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் பர்மிய எழுத்தில்தான் வாசிப்பார்கள். தமிழ் வாசகத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைத் தடுக்க வேண்டாம், அப்படியாவது வாசிக்கட்டும். ஆனால் அந்த எழுத்தில் போனால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். இயேசு மலைமேல் ஏறினார் என்பது மழைமேல் ஏறினார் என்று கேட்கும். அதனால் சனிக்கிழமைக்குள் ஒரு பெரியவரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்தை மெல்ல மெல்லப் படிப்பவர்களுக்குப் பதிலுரைப் பாடலின் பல்லவியைக் கொடுங்கள். ஒரே வரி, நான்கைந்து தடவை வரும். பயம் போய்விடும். அடுத்த மாதம் அவர்களே முதல் வாசகம் கேட்பார்கள்.

3. பழைய மந்திரமா, புதிய செபமா: முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரே ஞாயிற்றில் பாடம் படிப்பார்கள். நடத்துபவர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்குவார். முன்வரிசைப் பாட்டிமார் "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று போவார்கள். பாதியில் இரண்டு கூட்டமும் மோதும், யாரோ சிரிப்பார்கள், செபம் போச்சு. "அருள் நிறைந்த மரியே" என்பதற்கும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்பதற்கும் இதே கதைதான்.

நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது: செபமாலையும் பிரார்த்தனைகளும் பழைய முறையில், வழிபாடு முழுவதும் இப்போதைய திருப்பலி நூலில் உள்ளபடி. பழைய வார்த்தைகளில் பாட்டிமார் மனசார ஊன்றிப் போவார்கள், செபமாலை அவர்கள் கையில் இருக்கட்டும். வழிபாட்டுக்குப் புதிய சொற்களை வைப்பதற்குக் காரணம், சாமியார் வரும் ஞாயிற்றில் பூசையிலும் அதுதான் வரும். உங்கள் ஊரில் வேறு மாதிரி முடிவு செய்யலாம். ஆனால் முடிவு செய்யுங்கள், கோயில் சுவரில் எழுதி ஒட்டுங்கள், வாரம் ஒரு விதமாக மாற்றாதீர்கள்.

4. சனிக்கிழமை மாலை: கோயிலைத் தயாரிப்பது

பெருக்கித் துடைப்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுபடுவதை மட்டும் சொல்கிறேன்.

சாமியார் உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்காரக் கூடாது. அது அவருடைய பணிக்குரியது. ஒரு சாதாரண நாற்காலியைப் பீடத்துக்கு வெளியே, மக்களுக்குப் பக்கத்தில் போடுங்கள். இதைச் சனிக்கிழமையே செய்துவிட வேண்டும். ஞாயிறு காலை பரபரப்பில் கால் தானாகவே அந்தப் பழைய நாற்காலியை நோக்கிப் போகும்.

பீடத்தில் விரிப்பும் மெழுகுவர்த்தியும் போதும். பூசைப் பாத்திரங்களை வெளியே எடுக்காதீர்கள். திருப்பலி நூலையும் பீடத்தில் வைக்க வேண்டாம். அது உங்கள் கையிலோ, நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தாங்கியிலோ இருக்கட்டும். பீடத்துக்குப் பின்னால் நின்று நடத்தும் ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. நூல் வேறு இடத்தில் இருந்தால் ஆளும் அங்கே போகமாட்டார்.

மின்சாரத்தை நம்பாதீர்கள். வழிபாட்டின் நடுவில் யாராவது "மீ பியெட்" (கரண்ட் போச்சு) என்று முணுமுணுத்தால் அதற்குப் பிறகு எல்லார் கவனமும் விசிறியில் இருக்கும். ஒலிபெருக்கிக்கான பாட்டரியைச் சனி இரவே சார்ஜ் போடுங்கள். அதைவிட நல்லது, ஒலிபெருக்கி இல்லாமலே நடத்திப் பழகுவது. நாற்பது குடும்பம் கூடும் கூரைக்குக் குரலே போதும். தகரக் கூரையில் மழை கொட்டினால் மட்டும் எதுவும் கேட்காது. அப்போது நிறுத்தி ஒரு பாட்டைப் பாடுங்கள், மழை தணியட்டும்.

மெழுகுவர்த்தி ஏப்ரல் வெயிலில் வளையும், மழைக்காலத்தில் திரி நமுத்துப் பிடிக்காது. டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், காலையில் ஏற்றிப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

வெளியூரிலிருந்து யாராவது வந்து உங்கள் வீட்டில் இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் விருந்தாளிப் பதிவு செய்துவிடுங்கள். இது வழிபாட்டு விஷயம் இல்லைதான். ஆனால் இதை மறந்து ஞாயிறு காலை பாடகர் குழுவில் பாதிப் பேர் அங்கே போய் நின்ற நாள் உண்டு.

5. நற்கருணை இருக்கிறதா, இல்லையா

நற்கருணை, அதாவது பூசையில் குரு அர்ப்பணித்த அப்பம், வழங்கும் வழிபாடும் அது இல்லாத வழிபாடும் வேறு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நற்கருணை இல்லாமல் இறைவார்த்தையோடு மட்டும் நடத்துவது குறைபாடான ஒன்றல்ல. குரு கிடைக்காதபோது இறைவார்த்தை வழிபாட்டில் பங்குகொள்வதையே திருச்சபைச் சட்டம் பரிந்துரைக்கிறது.

நற்கருணை வழங்க வேண்டுமானால், அதற்கென அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளர் வேண்டும். நீங்கள் வழிபாட்டை நடத்துபவர் என்பதாலேயே அந்த அனுமதி உங்களுக்கு வந்துவிடாது.

முடிந்தால் அன்றைய ஞாயிறு வேறு ஊரில் நடந்த பூசையிலிருந்தே நற்கருணையைக் கொண்டுவருவது நல்லது. கொண்டுவருபவர் சிமிழைப் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, நேரே கோயிலுக்கு வர வேண்டும். வழியில் டீக்கடை கிடையாது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவதுதான் வசதி, இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்.

எங்கள் ஆலயப் பேழையில் நற்கருணை எப்போதும் இருக்கட்டும் என்று மக்கள் கேட்பார்கள். அதற்குப் பொறுப்பான ஆள் வேண்டும், மாதம் இரண்டு முறையாவது பூசை நடக்க வேண்டும், பேழை அசையாமல் பதிக்கப்பட்டுப் பூட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கு அணையாமல் எரிய வேண்டும். என் கருத்து, யாரும் குடியிருக்காத வயல்வெளிக் கோயிலில் இது வேண்டாம். மழைக்கால ஈரத்தில் அப்பம் நமுத்துப்போகும், எறும்பு எங்கிருந்தாவது வழி கண்டுபிடிக்கும். பேழை காலியாக இருந்தால் விளக்கை அணைத்துவிடுங்கள். எரிந்தால் மக்கள் முழந்தாளிட்டு வணங்குவார்கள், அங்கே ஒன்றும் இருக்காது.

6. ஞாயிறு காலை: செபமாலை

வழிபாடு எட்டு மணிக்கு என்றால் செபமாலையை ஏழே காலுக்குத் தொடங்குங்கள். 53 மணிச் செபமும் மாதா பிரார்த்தனையும் அரை மணி நேரத்தில் முடியும். மீதிக் கால் மணி அமைதிக்கும், மெழுகுவர்த்தி ஏற்றவும், தாமதமாக வருபவர்கள் காலைக் கழுவி உள்ளே வரவும். செபமாலை முடிந்த கையோடு வழிபாட்டைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, எது முடிந்தது எது தொடங்கியது என்று பிள்ளைகளுக்குப் புரியாது.

செபமாலையில் தியானிப்பது, ஞாயிறு என்றால் மகிமைத் தேவ இரகசியங்கள். திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதன் மகிமை. வியாழனுக்கு ஒளியின் தேவ இரகசியங்களை 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் சேர்த்தார். சில வீடுகளில் இன்னும் வியாழனில் சந்தோஷம்தான் சொல்கிறார்கள். அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

நடத்துபவர் முதல் பாதியைச் சொல்ல வேண்டும், மக்கள் இரண்டாம் பாதியை. இவ்வளவுதான் விதி, ஆனால் மீறப்படுவது இதுதான். உற்சாகத்தில் இரண்டு பாதியையும் நடத்துபவரே சொல்லிவிட்டால், மூன்றாவது பத்தில் மக்கள் சத்தம் அடங்கிவிடும். அவர்கள் "ஆமென்" சொல்லி முடிக்கும்முன் அடுத்ததைத் தொடங்குவதும் அப்படித்தான். ஒரு மூச்சு விட்டுத் தொடங்குங்கள்.

7. வழிபாட்டின் வரிசை

இனி வருவதுதான் முக்கியம். வரிசை இது: தொடக்கம், இறைவார்த்தை, நன்றிப் புகழ்ச்சி, நற்கருணை இருந்தால் அது, முடிவு. பூசையின் வரிசை போலவே தோன்றும். ஆனால் பூசையில் குரு மட்டுமே சொல்லும் வார்த்தைகள் இதில் வராது.

அதை நினைவில் வைக்க என்னிடம் ஒரே ஒரு வழி இருக்கிறது. வாயில் "உங்கள்", "உங்களோடு", "உங்களை" என்று வந்தால் நிறுத்துங்கள். மக்களைப் பார்த்துச் சொல்லும்போது எப்போதும் "நம்" என்று சொல்லுங்கள். குரு மக்களுக்கு முன் நின்று ஆசி தருகிறார், நாம் மக்களில் ஒருவராக நின்று கேட்கிறோம். என் முதல் ஞாயிற்றில் பழக்கதோஷத்தில் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் பதிலும் சொல்லிவிட்டார்கள். முடிந்து வெளியே வந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்து, "தம்பி, குருப்பட்டம் எப்போ வாங்கினே? வீட்டுல சொல்லவே இல்லையே" என்றார்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆண்டவரைப் பார்த்துப் பேசும்போது "எங்கள்" என்று வர வேண்டும். மன்றாட்டு எழுதும் பிள்ளைகள் "ஆண்டவரே, நம்மைக் காத்தருளும்" என்று எழுதுவார்கள். அப்படியென்றால் ஆண்டவரையும் சேர்த்துக் காக்கச் சொல்கிறோம். மக்களிடம் "நாம்", ஆண்டவரிடம் "நாங்கள்". தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் இந்த வேறுபாடு பர்மிய மொழியில் இல்லை, அதனால்தான் இங்கே வளரும் பிள்ளைகள் குழம்புகிறார்கள். திட்டாமல் திருத்துங்கள்.

தொடக்கம். பாட்டு, சிலுவை அடையாளம். வாழ்த்துக்குப் பதிலாக, நம்மை ஒன்றுசேர்த்த இறைவனைப் போற்றுவோம் என்று ஒரு வரி. அடுத்து, இந்த நேரத்தில் நம் சாமியார் எந்த ஊரில் பூசை வைக்கிறாரோ அந்த ஊரின் பெயரைச் சொல்லி, அந்த மக்களோடு சேர்ந்து செபிக்கிறோம் என்று சொல்லுங்கள். தனித்து விடப்பட்டோம் என்ற எண்ணம் இதில் பெரிதும் குறையும். பாவ மன்னிப்பு வேண்டல், பிறகு அந்த ஞாயிறுக்குரிய சபை மன்றாட்டு. கைகளை விரிக்காமல் குவித்துச் சொல்லுங்கள், விரிப்பது குருவின் சைகை. தோளில் துண்டு, மாலை, சால்வை ஒன்றும் வேண்டாம். சுத்தமான சட்டையும் லுங்கியும் போதும்.

இறைவார்த்தை. முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், அல்லேலூயா, நற்செய்தி. ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒருவர் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் வாசித்தவர் உடனே ஓடக் கூடாது. மக்கள் "இறைவா உமக்கு நன்றி" சொல்லி, அப்புறம் ஐந்து விநாடி அமைதி. புதியவர்களுக்கு அந்த ஐந்து விநாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும், பதற வேண்டாம். நற்செய்திக்கு முன்னும் "ஆண்டவர் உங்களோடு" கிடையாது. எந்த நற்செய்தி என்று அறிவித்துவிட்டு நேரே வாசியுங்கள். மறையுரையை வாசிக்கும்முன் அது சாமியார் எழுதியது என்று சொல்லிவிடுங்கள். ஏதாவது வரி யாருக்காவது சுட்டால் உங்கள் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள்.

விசுவாச அறிக்கைக்குப் பின் மன்றாட்டுகள். ஐந்துக்கு மேல் வேண்டாம். திருச்சபை, நாடு, துன்பப்படுவோர், ஊர், இறந்தோர் என்று போனால் எல்லாம் அடங்கும். நாட்டுக்காக மன்றாடும்போது சமாதானத்தைக் கேளுங்கள், யாருடைய பெயரையும் இழுக்காதீர்கள்.

நன்றிப் புகழ்ச்சி. புதியவர்கள் தவறு செய்யும் அடுத்த இடம். மன்றாட்டு முடிந்ததும் கை தானாகக் காணிக்கைப் பாட்டைத் தேடும். இங்கே அப்பமும் இரசமும் கொண்டுவருவது கிடையாது. பூசையில் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டின் எந்த வரியையும், அதன் தொடக்கவுரையையும்கூட, எடுத்து வாசிக்கக் கூடாது. அதற்குப் பதில் ஒரு திருப்பாடலோ மரியாவின் பாடலோ சொல்லி நன்றி செலுத்துங்கள்.

எனக்குப் பிடித்தது 136-ஆம் திருப்பாடல். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று வரும். நடத்துபவர் முன்பாதியைச் சொல்ல, மக்கள் இந்த வரியைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் முழுக் குரலில் சேரும் இடம் எங்கள் வழிபாட்டில் இதுதான். எல்லாரும் நின்று, நடத்துபவரும் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்ல வேண்டும்.

8. நற்கருணை வழங்கும்போது

பணியாளர் கையைக் கழுவி, பீடத்தில் திருமேனித் துகிலை விரித்து, நற்கருணையை எடுத்து வந்து அதன்மேல் வைத்து முழந்தாளிடுவார். இந்த வழிபாட்டில் பீடத்தைப் பயன்படுத்துவது இதற்கு மட்டும்தான். பிறகு எல்லாரும் இயேசு கற்பித்த செபம். அப்புறம் அப்பத்தைச் சிறிது உயர்த்தி, "இதோ, இறைவனின் செம்மறி" என்று தொடங்கி வழங்குவார்.

நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உண்ணாமல் இருக்க வேண்டும், தண்ணீரும் மருந்தும் தவிர. எட்டு மணி வழிபாட்டுக்கு வருபவர் கடைசி நிமிடத்தில் மொஹிங்கா சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். வாசலில் நின்று யாரையும் விசாரிக்காதீர்கள். முந்தின ஞாயிறு அறிவிப்பிலேயே பொதுவாகச் சொல்லி வையுங்கள். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இந்த விதி தளர்வு உண்டு.

அப்பம் கீழே விழுந்தால் பதறாமல் குனிந்து எடுத்து, பணியாளரே உட்கொள்ளலாம். விழுந்த இடத்தைத் துணியால் மூடி அடையாளம் வைத்து, முடிந்ததும் தண்ணீரால் கழுவுங்கள். மீதி நற்கருணையைப் பேழையில் வைக்க முடியாத கோயிலென்றால், எண்ணிக் கொண்டுவருவதும் மீந்ததைப் பணியாளர் உட்கொள்வதும் சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை வைத்து மக்களை ஆசீர்வதிப்பது குருவோ தியாக்கோனோ செய்ய வேண்டியது. அனுமதி பெற்ற பணியாளர் ஆராதனைக்கு வைக்கலாம், திரும்ப எடுத்து வைக்கலாம், ஆசீர் கொடுக்க முடியாது. மாதத்தின் முதல் வெள்ளியில் மக்கள் எவ்வளவு கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

9. முடித்து வைப்பது

அறிவிப்புகளை முடிவுச் செபத்துக்கு முன் சொல்லுங்கள், பின்னால் வைத்தால் பாதிப் பேர் செருப்பைத் தேடப் போயிருப்பார்கள். அடுத்த பூசை எப்போது, யார் வீட்டில் செபமாலை, யாருக்கு உடம்பு சரியில்லை என்பவை போதும்.

முடிவில் "நம் ஆண்டவர் நம்மை ஆசீர்வதித்து, தீமையிலிருந்து காத்து, நிலைவாழ்வுக்கு அழைத்துச் செல்வாராக" என்று சொல்லி, நீங்களும் உங்கள்மேலேயே சிலுவை போட்டுக்கொள்ளுங்கள். மக்களை நோக்கிக் கை உயர்த்திச் சிலுவை வரைய வேண்டாம். தண்ணீர் மந்திரித்துத் தரச் சொல்லி யாராவது பாட்டிலோடு வருவார்கள். சாமியார் மந்திரித்து வைத்த தீர்த்தத்தை இதற்கென்றே ஒரு குடத்தில் வைத்திருங்கள், அதிலிருந்து ஊற்றிக் கொடுங்கள்.

காணிக்கைத் தட்டை வாசலில் வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். ஒரு ஆள் எண்ணினால் என்றைக்காவது ஒரு பேச்சு வரும்.

10. வரிசை மாறும் நாட்கள்

தவக்காலத்தில் அல்லேலூயாவும், தொடக்கத்தில் பாடும் வானவர் கீதமும் கிடையாது. திருவருகைக் காலத்தில் வானவர் கீதம் மட்டும் இல்லை, அல்லேலூயா உண்டு. பாடகர் குழுவிடம் முன்பே சொல்லாவிட்டால் பழக்கத்தில் பாடிவிடுவார்கள்.

சிலுவைப்பாதை வெள்ளி மாலையில். 14 தலங்களையும் முழுதாகச் சொன்னால் ஒரு மணி ஆகும். வயலிலிருந்து நேராக வந்து முழந்தாளிடுபவர்கள் இருப்பதால், குறுகிய சிந்தனைகளை வைத்து நாற்பது நிமிடத்தில் முடிக்கிறோம்.

பெரிய வெள்ளி சில வருடம் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்குள் வந்து விழும். 2022-இல் பாஸ்கா (ஈஸ்டர்) ஏப்ரல் 17 அன்று வந்தது, புனித வாரத்தின் கடைசி நாட்கள் முழுக்கத் தண்ணீர்த் திருவிழா நாட்களோடு மோதின. 2028-இல் ஏப்ரல் 16 அன்று வருகிறது, அதே நிலைதான். கடைகள் மூடியிருக்கும், பஸ் ஓடாது, கோயிலுக்கு நடந்து வருபவர் நனையாமல் வந்து சேரமாட்டார். மெழுகுவர்த்தி, எண்ணெய், நாணல் பாய் எல்லாம் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். வழிபாட்டு நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றிப் பாருங்கள், தண்ணீர் ஊற்றுபவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரியில் நியாங்லபின் லூர்து மாதா திருவிழாவுக்கு ஊரே கிளம்பிவிடும். அந்த ஞாயிறு கோயிலில் நான்கு பேர்தான் இருப்பார்கள். நான்கு பேருக்கும் முழு வழிபாடு நடத்துங்கள், சுருக்காதீர்கள். போக முடியாத நோயாளிகளாகத்தான் இருப்பார்கள்.

அந்தோனியார் நவநாள் ஜூன் 4 தொடங்கி 12-இல் முடிந்து, 13 திருவிழா. சரியாக அடைமழையில் வரும். சப்பரத்துக்கு மேல் பாலிதீன் கட்டும்போது சுரூபத்தின் முகத்தை மறைக்காதீர்கள், பக்கவாட்டை மட்டும் மூடுங்கள். சுற்றுப்பிரகாரம் கோயில் வளாகத்துக்குள் என்றால் சரி, தெருவில் இறங்க வேண்டுமானால் வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மந்திரித்த ரொட்டியைச் சாமியார் வரும் நாளில்தான் கொடுக்க முடியும், அதனால் ரொட்டிக்குச் சொல்வதற்கு முன் அவர் வருகிற தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வருடம் இருநூறு ரொட்டி வந்து இறங்கிய பிறகுதான் பாலத்தில் வெள்ளம் என்று செய்தி வந்தது. மந்திரிக்காமலே பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

11. நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு ஞாயிறும் முடிந்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த ஞாயிறு, எந்த ஆண்டு, யார் வாசித்தார்கள், எத்தனை பேர் நற்கருணை வாங்கினார்கள், என்ன தவறு நடந்தது. சாமியார் வந்ததும் இதைத்தான் முதலில் கேட்பார். நற்கருணை எண்ணிக்கை இருந்தால் அடுத்த தடவை எத்தனை அப்பம் கொண்டுவருவது என்று தெரியும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அடுத்தவர் அந்த நோட்டைப் பார்த்து நடத்திவிடுவார். பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்பதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.